‘போதும்’ என்று சொல்ல முடிகிற வீடு

பாளையங்கோட்டையில் குடும்பநல ஆலோசகராக இருக்கும் என்னிடம், தனக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமையைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் மிகக் குறைவு. “புருஷன் பெண்டாட்டிக்குள்ள சரியில்ல” என்று வருவார்கள். சில வீடுகளில் மாமியாரே அழைத்து வந்து, “பயந்த கோளாறா இருக்கும்னு திருநீறு போட்டுப் பாத்தோம், கயிறு கட்டிப் பாத்தோம், ஒண்ணும் கேக்கல” என்பார். பலமுறை பேசிய பிறகுதான், திருமணத்துக்கு முன்போ பின்போ, பெரும்பாலும் தெரிந்த ஒருவனால் நேர்ந்த கொடுமை வெளியே வரும். இங்கே நான் குறிப்பிடுபவர்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றும் பெண் ஒருவர். அவருடைய கணவர் மும்பையில் மளிகைக் கடையில் வேலை பார்க்கிறார். கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும்தான் ஊருக்கு வருவார். நம் பக்கத்தில் இது புதிதல்ல. ஆனால், ஆண்டு முழுவதற்குமான தாம்பத்தியத்தைச் சில நாள் விடுப்புக்குள் அடக்க வேண்டியிருப்பது, வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணை எவ்வளவு நெருக்கும் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கணவர் வரும் தேதி தெரிந்த நாளிலிருந்தே இவருக்குத் தூக்கம் போய்விடும். கணவர் மீது வெறுப்பு எதுவும் இல்லை. அவருக்குப் பிடித்த கருவாட்டை வாங்கி வைத்துக் காத்திருப்பவர்தான். இரவில் அறைக்கதவின் உள்தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டதும் கைகால் மரத்து, வாயடைத்துப் போய்விடுவார். அவருக்கு அந்தக் கொடுமையைச் செய்தவன் அன்று கதவைத் தாழிட்ட ஓசையும் அதுவே.

“வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலியே மேடம், சம்மதம்னுதானே நெனைப்பேன்?” என்று கணவர் கேட்டபோது அவருடைய குரலில் உண்மையான திகைப்பு இருந்தது. பேரச்சத்தில் எதிர்ப்பதும் ஓடுவதும் போலவே உறைந்து போவதும் உடல் தானாகச் செய்வது என்பதையும், பழைய ஆபத்தை நினைவூட்டும் ஓசையோ வாசனையோ இருளோ போதும், பாதுகாப்பான இடத்திலும் உடல் அப்படியே நடந்துகொள்ளும் என்பதையும் அவருக்கு விளக்கினேன். பாஸ்டன் நகர மருத்துவமனையில் வன்கொடுமைக்கு ஆளான பெண்களைச் சந்தித்து ஆன் பர்ஜெஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ரோம் ஆகியோர் 1974இல் வெளியிட்ட ஆய்வே, முதல் அதிர்ச்சி அடங்கிய பிறகும் நெடுநாள் தொடரும் பாதிப்புகளில் உடல் நெருக்கத்தைப் பற்றிய அச்சத்தையும் குறித்திருக்கிறது. ஆனால், ஆய்வை விடவும் தாழ்ப்பாளைப் பற்றி மனைவி சொன்னதுதான் அவரைத் தொட்டது. அந்த ஓசையை இத்தனை காலம் தானேதான் எழுப்பிவந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

அடுத்த விடுப்புக்குச் சில ஏற்பாடுகளைப் பேசி முடிவு செய்தோம். தாழ்ப்பாளை மனைவிதான் போடுவார், வேண்டாம் என்றால் சாத்தி மட்டும் வைப்பார். விளக்கு எரியும். உடலுறவு இல்லை என்பதை முதலிலேயே இருவரும் ஒப்புக்கொண்டு, கையையும் முதுகையும் தொடுவதோடு நிறுத்த வேண்டும். இது அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்களான மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970 வாக்கில் வகுத்த பயிற்சி முறையிலிருந்து எடுத்துக்கொண்டது. நான் அழுத்திச் சொன்னது ஒன்றுதான்: மனைவி ‘போதும்’ என்றால் கணவர் முகம் சுருங்காமல் நிறுத்த வேண்டும். பெரும்பாலான கணவர்கள் நிறுத்தி விடுவார்கள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள், மறுநாள் சாப்பாட்டில் குறை சொல்வார்கள். அப்படி விலை கொடுக்க வேண்டியிருந்தால் எந்தப் பெண்ணும் இரண்டாம் முறை அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டாள். கணவர் மும்பைக்குத் திரும்பிய பிறகு இவர் வந்து சொன்னார்: “போதும்னேன். எந்திரிச்சுப் போயி ரெண்டு பேருக்கும் காப்பி போட்டுக் கொண்டாந்தாவ.” எங்கள் வேலையில் அன்றுதான் முன்னேற்றம் தொடங்கியது என்பேன். முழுமையான நெருக்கத்துக்கு அதற்குப் பிறகும் நெடுங்காலம் ஆனது.

விஷயம் தெரிந்ததும் “அவன் யாருன்னு சொல்லு, வெட்டிப் போடுதேன்” என்று எழுந்து நிற்கும் கணவர்களும் உண்டு. அதைப் பாசம் என்று ஊர் மெச்சும். ஆனால் அந்த நொடியிலிருந்து, தன் வலியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணவரின் ஆத்திரத்தை அடக்குவதும் அவர் ஜெயிலுக்குப் போய்விடாமல் காப்பதும் அந்தப் பெண்ணின் வேலையாகிவிடுகின்றன. அவனை வழக்குக்கு இழுப்பதா வேண்டாமா என்பதைக்கூட அவளிடம் கேட்க யாரும் இருப்பதில்லை.

எதிர்ப்பே காட்டாமல் எல்லாவற்றுக்கும் இணங்கிப் போகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். இவர்களில் சிலருக்கு வன்கொடுமை செய்தவனே கணவன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவும், 18 வயது நிறைந்த மனைவி விஷயத்தில் கணவனின் செயலை வன்புணர்வாகக் கொள்ளாத பழைய விதிவிலக்கைத் தொடர்கிறது. ஆயினும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறையாகவே கொள்கிறது. அதன்படி பாதுகாப்பு ஆணை கேட்கலாம், பெண்கள் உதவி எண்ணான 181ஐ அழைத்தால் உதவி கிடைக்கும். இதைச் சொல்லும்போது பல பெண்கள், அப்படி ஒரு வழி இருப்பதையே முதன்முறையாகக் கேட்பதாகச் சொல்கிறார்கள்.

திருமணமாகாதவர்கள் கேட்பது வேறு: வரப்போகிறவரிடம் சொல்ல வேண்டுமா? அம்மாக்கள் சாமி மேல் சத்தியம் வாங்கி வாயை அடைத்திருப்பார்கள். தோழிகளோ, மறைப்பது துரோகம் என்பார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. தான் செய்யாத குற்றத்துக்கு எவரிடமும் கணக்குச் சொல்லும் கடமை அவளுக்குக் கிடையாது. சொன்னால் தன் மனம் லேசாகும், அவரும் தாங்குவார் என்று தோன்றினால் சொல்லலாம். தாங்குவாரா என்பதை அறிய, செய்தியில் வரும் வேறொரு பெண்ணைப் பற்றி அவர் என்ன பேசுகிறார் என்று கவனிக்கச் சொல்வேன். நிச்சயம் பேசி முடித்திருந்த ஒரு பெண் அப்படிப் பேச்சுக் கொடுத்தபோது, “அந்த நேரத்துல அவ அங்க ஏன் போனா?” என்றாராம் மாப்பிள்ளை. அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். காரணம் கேட்டுப் பெற்றோர் என்னிடம் வந்தார்கள். அதைச் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் உங்கள் மகளின் விருப்பம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.