மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்பது

கபடி வர்ணனை கற்றுக்கொள்ள வரும் பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான். "அண்ணா, நிறுத்தாம பேசறது எப்படிண்ணா?" பாலக்கோடு, பாப்பாரப்பட்டி, பென்னாகரம் பக்கம் பொங்கல் ஆட்டங்களில் பல வருடமாக மைக் பிடிக்கிறவன் என்பதால் எனக்கு அது கைவந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். நான் அவர்களுக்கு ரிச்சி பெனோவைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பேன். ஆஸ்திரேலியாக்காரர், கிரிக்கெட் வீரராக இருந்து வர்ணனையாளர் ஆனவர், 2015 ஏப்ரல் 10 அன்று தன் 84-ஆவது வயதில் காலமானவர். தர்மபுரி கபடிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று முழிப்பார்கள். எனக்கு மைக் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

1992 உலகக் கோப்பை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்தது. பல ஆட்டங்கள் நமக்கு விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். தெருவில் டிவி இருந்த வீட்டில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். இங்கிலீஷ் எங்களுக்குப் பாதிதான் புரியும். அதனால் வர்ணனையாளர்கள் என்ன சொன்னார்கள் என்பதைவிட எப்படிச் சொன்னார்கள் என்பதுதான் காதில் விழுந்தது. எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் மட்டும் பந்து போய் எல்லையைத் தொடும்வரை சும்மா இருந்தார். கூட்டம் கத்தி அடங்கிய பிறகு ஒரு வரி சொன்னார். மறுபடி மௌனம். தந்த நிறக் கோட்டு போட்டுக்கொண்டு திரையில் வந்தவர்தான் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் என்று அப்புறம் தெரிந்தது.

அவர் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது 1956. இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் முடிந்து, அணி அடுத்ததாக பாகிஸ்தானுக்கும் இந்தியாவுக்கும் வர வேண்டும். நடுவில் கிடைத்த சில வாரங்களில் பெனோ லண்டனிலேயே தங்கி, பிபிசியில் தொலைக்காட்சிப் பயிற்சிக்குச் சேர்ந்தார். அப்போது அவர் ஆடிக்கொண்டிருந்த வீரர், வயது இருபத்தைந்து. குதிரைப் பந்தயத்துக்குப் பீட்டர் ஓ'சல்லிவன், டென்னிஸுக்கு டான் மாஸ்கெல், கோல்ஃபுக்கு ஹென்றி லாங்ஹர்ஸ்ட் என்று அன்றைய பெரிய வர்ணனையாளர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கூர்ந்து பார்த்தார். எங்கே பேசுகிறார்கள், எங்கே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் அவர் படித்த பாடம். அதே அக்டோபரில் நம் சென்னைக்கு வந்து, டெஸ்ட்டில் 72 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். கடைசிவரை ஒரு இன்னிங்ஸில் அவருடைய சிறந்த பந்துவீச்சு அதுதான். நம் மண்ணில் நடந்தது என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தோஷம்.

லெக் ஸ்பின் அவருக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா லூ பள்ளிக்கூட வாத்தியார், ஊர்ப் போட்டி ஒன்றில் எதிரணியின் இருபது விக்கெட்டையும் தனியாளாக எடுத்தவர். மகன் 63 டெஸ்டில் 248 விக்கெட், 2201 ரன். டெஸ்ட்டில் 2000 ரன்னும் 200 விக்கெட்டும் சேர்த்த முதல் ஆள் அவர்தான். 28 டெஸ்டில் கேப்டனாக இருந்து ஒரு தொடரைக்கூட இழக்கவில்லை. சரி, இதெல்லாம் எங்கும் கிடைக்கும் கணக்கு. 1964-இல் ஆட்டத்தை விட்டார். ஆனால் மைக் அதற்கு முன்பே, 1960-இல் பிபிசி வானொலியில், கைக்கு வந்துவிட்டது.

அவருடைய விதி ஒன்று: திரையில் தெரிவதற்கு மேல் சேர்க்க ஏதாவது இருந்தால் சொல், இல்லையென்றால் வாயை மூடு. இது கிரிக்கெட்டைவிடக் கபடிக்குப் பொருந்தும். எதிரணிப் பக்கம் ரெய்டுக்குப் போகிற பையனே "கபடி கபடி" என்று பாடிக்கொண்டு போகிறான். அந்த முப்பது நொடியில் அவன் குரல்தான் ஆட்டம். மூச்சு குறையும்போது பாட்டு சன்னமாவதும், ஓரத்தில் நிற்கிற கார்னர்காரன் காலை எட்டிப் பிடித்ததும் அது உடைவதும் கூட்டத்துக்குக் கேட்க வேண்டும். ஸ்பீக்கரில் நான் கத்தினால் அதை நானே கொல்கிறேன். பிடி முடிந்து விசில் ஊதிய பிறகு எனக்கு வேலை வருகிறது. போனஸ் என்கிற கூடுதல் புள்ளி கிடைக்க, தடுக்கிற அணியில் ஆறு பேரோ அதற்கு மேலோ களத்தில் இருந்தார்களா, போனஸ் கோட்டைத் தாண்டியபோது பின்கால் தரையை விட்டு எழும்பியிருந்ததா, நடுவர் ஏன் புள்ளி தரவில்லை? இதெல்லாம் பின்வரிசையில் நிற்பவர்களுக்கும் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் எனக்கு மைக்.

வானொலிக்கு இது பொருந்தாது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் தமிழில் கிரிக்கெட் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே மௌனம் என்றால் மைதானமே இருட்டாகிவிடும். கண்ணுக்கு முன்னால் ஆட்டம் நடக்கிற இடத்தில்தான் மௌனத்துக்கு மதிப்பு.

பெனோ வர்ணனையில் ஆஸ்திரேலியாவை "நாங்கள்" என்று சொல்ல மாட்டார். அந்த நாட்டுக்கே கேப்டனாக இருந்தவர்! நம் ஊர் மைக்குகளில் "நம்ம பசங்க", "நம்ம பசங்க" என்று அலறுவதைக் கேட்டால் எனக்கு வலிக்கும். ஓசூர் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்து ஆடுகிற பிள்ளைகளும் பிள்ளைகள்தானே. அடிபட்டு விழுந்தவனை "மரண அடி" என்று கூவுவதும் அப்படித்தான். டைட்டானிக் மூழ்கியது சோகம், எத்தியோப்பிய வறட்சி பேரழிவு, கேட்ச் விட்டதற்கு அந்த வார்த்தைகள் எதற்கு என்று பெனோ சொல்வார். இதை மட்டும் பையன்களுக்கு எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

மௌனமாக இருக்கிறவர் எதையும் கண்டுகொள்ளாதவர் என்று யாராவது நினைத்தால் 1981 பிப்ரவரி 1 மெல்பர்ன் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். கடைசிப் பந்தில் நியூசிலாந்துக்கு சமன் செய்ய ஆறு ரன் தேவை. ஆஸ்திரேலியக் கேப்டன் கிரெக் சாப்பல் சொல்ல, தம்பி டிரெவர் சிக்ஸர் அடிக்க வழியில்லாதபடி பந்தைத் தரையில் உருட்டிவிட்டார். பெனோ ஒளிபரப்பிலேயே அது வெட்கக்கேடு என்றும், இனி ஒரு கிரிக்கெட் மைதானத்தில் இப்படி நடக்கவே கூடாது என்றும் சொன்னார். தன் நாட்டு அணி, தான் நன்கு அறிந்த வீரர்கள் என்று பார்க்கவில்லை. வருடக்கணக்காக அளந்து பேசிய மனிதர் கோபப்பட்டதால் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு எடை.

2005 ஓவல் டெஸ்ட் இங்கிலாந்தில் அவருடைய கடைசி வர்ணனை. ஒளிபரப்பு கட்டணச் சேனலுக்குப் போகிறது என்றதும், காசில்லாதவரும் பார்க்க முடிய வேண்டும் என்ற பிடிப்பில் அவர் விலகிக்கொண்டார். பல ஆண்டு வேலைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகளில் ஆஸ்திரேலியாவின் மெக்ராத் பந்தில் இங்கிலாந்தின் பீட்டர்சன் போல்டு. பெனோ தன் விடைபெறலை நிறுத்தி விக்கெட்டைச் சொன்னார், பிறகு தன் பேச்சை முடித்தார். அந்தப் பதிவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

எங்கள் பக்கத்தில் இந்த முறையைப் பழக்குவது லேசாக இல்லை. ஒரு ஊரில் விழாக் கமிட்டிப் பெரியவர் மேடைக்கே வந்துவிட்டார். "ஏப்பா, காசு கொடுத்து மைக் வெச்சிருக்கோம், நீ பேசாம நிக்கற?"

"பையன் பாடறது கேக்கட்டுங்க பெரியப்பா. பிடி முடிஞ்சதும் சொல்றேங்க."

அவர் கையில் ஒரு தாள். பரிசுக் கோப்பை கொடுத்தவர், பந்தல் போட்டவர், சாப்பாடு போட்டவர் பெயர்கள். அதையெல்லாம் ரெய்டுக்கு நடுவில் வாசிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கொடுத்தவர்களுக்கு மரியாதை செய்வதில் எனக்கு மறுப்பு கிடையாது. அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் கமிட்டியிடம் முன்கூட்டியே பேசிவிடுகிறேன்: பெயர்கள் எல்லாம் பாதி ஆட்ட இடைவேளையில், ஒன்று விடாமல், நிதானமாக, ஊர்ப் பெயரோடு வாசிப்பேன். களத்தில் பையன் பாடிக்கொண்டிருக்கும்போது ஒரு பெயரும் வராது. இந்தப் பொங்கலுக்குப் பேசிய கமிட்டிகள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.