மறுநாள் எடுத்த படம்

மகள் பிறந்து ஒரு நாள் கழிந்தும் காட்டுப்பீ, அதாவது பிறந்த குழந்தையின் முதல் மலம், போகவில்லை. சில குழந்தைகளுக்குத் தாமதமாகும் என்றார்கள், நாங்களும் நம்பினோம். இரண்டாம் நாள் காலை வயிறு உப்பி, தோல் பளபளவென்று இறுகி நின்றது. குடித்த பாலைக் கக்கினாள். துணியில் பச்சை. அதுவரை நிதானமாக இருந்த நர்ஸ் அதைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட ஓடினார். பச்சை என்றால் பித்தம், குடலில் எங்கோ அடைப்பு இருக்கலாம் என்பதெல்லாம் அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. பச்சையாகக் கக்கினால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

பாலை நிறுத்தி, மூக்கு வழியே இரைப்பைக்குக் குழாய் விட்டு, படுக்கையிலேயே எக்ஸ்ரே எடுத்தார்கள். வயிறு முழுக்கக் காற்று நிறைந்த குடல் வளையங்கள். மலக்குடல் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் காற்று இல்லை. அடைப்பு கீழ்ப்பக்கம்தான், ஆனால் பச்சிளங்குழந்தையின் எக்ஸ்ரேயில் சிறுகுடல் எது, பெருங்குடல் எது என்று பிரித்துச் சொல்வது கடினம் என்றார் டாக்டர். குடல் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டிலும் பார்த்தார்கள். அதற்கான அடையாளம் இல்லை.

அடுத்தது கான்ட்ராஸ்ட் எனிமா: எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை ஆசனவாய் வழியே ஏற்றிப் படமெடுப்பது. "முதலில் சாதாரண எனிமா கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்தால் என்ன?" என்று மாமியார் கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முன்கூட்டியே கழுவிவிட்டால் உப்பிய குடல் வற்றிவிடும், குறுகலான பகுதிக்கும் விரிந்த பகுதிக்கும் உள்ள வித்தியாசம் படத்தில் மறைந்துபோகும் என்று டாக்டர் விளக்கினார்.

ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு நானும் உள்ளே போனேன். மெல்லிய ரப்பர் குழாயை ஆசனவாய்க்குள் கொஞ்சம் மட்டும் நுழைத்து, பிட்டத்தோடு சேர்த்து டேப் ஒட்டினார்கள். பக்கவாட்டில் படுக்கவைத்து, அவள் முழங்கால்களை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டும் சேர்ந்து என் ஒரு கைக்குள் அடங்கின. தண்ணீரில் கரையும் மருந்து மெதுவாக ஏறுவது திரையில் தெரிந்தது. முதலில் நூல்போல் ஒரு கோடு, மேலே போகப் போகக் கொஞ்சம் அகலம். புனல் மாதிரி விரியும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. படம் எடுத்தவரும் உறுதியாகச் சொல்லவில்லை. பிறந்த சில நாட்களில் குறுகலான பகுதிக்கு மேலுள்ள குடல் அவ்வளவாக விரிந்திருக்காதாம். "நாளைக்கு ஒரு படம் எடுப்போம், அது பேசும்" என்றார்.

அந்த இரவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

24 மணி நேரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் முந்தைய நாள் ஏற்றிய மருந்து பெரும்பாலும் உள்ளேயே நின்றது. முதல் படத்தைவிட இதுதான் டாக்டருக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. ஆனாலும் முடிவு சொல்லவேண்டியது பயாப்ஸிதான் என்றார். மலக்குடலின் உள்சுவரில் கடுகளவு உறிஞ்சி எடுத்தார்கள். அதற்கு மயக்க மருந்துகூடத் தேவைப்படவில்லை. முடிவு வர நான்கு நாள் ஆனது. எடுத்த துணுக்கில் நரம்பணுக்களே இல்லை. ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய். கருவில் மேலிருந்து கீழாகக் குடலெங்கும் இறங்கவேண்டிய நரம்பணுக்கள் வழியிலேயே நின்றுவிட்டன. அவை இல்லாத பகுதி தளர்ந்து வழிவிடாது.

ஆபரேஷன் பிறகுதான். அதுவரை தினமும் குழாய் வழியே வெதுவெதுப்பான உப்புநீர் விட்டுக் குடலைக் கழுவவேண்டும். முதல்முறை கழுவியது பயாப்ஸி முடிவுக்கு முன்பே, அந்த இரண்டாவது எக்ஸ்ரே எடுத்த சாயங்காலம். புஸ்ஸென்று காற்று வெளியேறி, நர்ஸின் கையுறையெல்லாம் கரும்பச்சை. என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது.