இல்லாத கல்லூரியில் படித்தவன்

இரண்டு வருடம் முன்பு பெங்களூரில் வேலை மாறியபோது, பின்னணி சரிபார்க்கும் நிறுவனத்திடமிருந்து ஒரு மெயில் வந்தது. நீங்கள் குறிப்பிட்ட பெயரில் கல்லூரி எதுவும் தற்போது இயங்கவில்லை, 10 நாளில் விளக்கம் தரவும். போலிப் பட்டம் என்று நேரடியாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தப்பு பாதி என்னுடையது. ரெஸ்யூமேயில் 'பார்க்ஸ் காலேஜ், ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங்' என்று மட்டும் போட்டிருந்தேன். அங்கே படித்த யாரைக் கேட்டாலும் 'பார்க்ஸ்' என்றுதான் சொல்வார்கள். பட்டம் கொடுத்ததோ அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம். அதற்குள் ஒரு கல்லூரியாக இருந்த பார்க்ஸ், 2022-ல் அறிவியல் பொறியியல் பள்ளி என்ற புதிய அமைப்புக்குள் போய்விட்டது. கூகுளில் தேடியவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

முதலில் பட்டச் சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்பினேன். 'பெயர் பொருந்தவில்லை' என்று அதே பதில். சரி, பல்கலைக்கழகத்திடமே எழுதி வாங்குவோம் என்று பதிவாளர் அலுவலகத்தைப் பிடித்தேன். கோடையில் அவர்கள் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். அவர்கள் காலை 8-க்கு அலுவலகம் வந்தால் இங்கே மாலை 6:30. இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பேசுவதற்குத் தோதான நேரம்தான். போனில் பேசிய அம்மா பொறுமையாகக் கேட்டார். இரண்டு நாளில் கடிதம் நேரடியாக அந்த நிறுவனத்துக்கே போய்விட்டது.

அதற்குப் பிறகும் ஒரு கேள்வி: அந்தக் கல்லூரிக்கும் இந்தப் பல்கலைக்கழகத்துக்கும் என்ன உறவு? எரிச்சலில் ஒரு பக்கத்துக்கு முழு வரலாற்றையே எழுத உட்கார்ந்தேன். நான்கு வருடம் அங்கே படித்தும் நான் கவனிக்காத கதை அது.

செவர்லே கார் விற்றுக்கொண்டிருந்த ஆலிவர் பார்க்ஸ், 1927 ஆகஸ்ட் 1 அன்று செயின்ட் லூயிஸின் லாம்பர்ட் விமானத் தளத்தில் பார்க்ஸ் ஏர் காலேஜைத் தொடங்கினார். விமானி லிண்ட்பெர்க் தனி ஆளாக விமானத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை. பையன்கள் எல்லோருக்கும் பறக்கும் ஆசை பிடித்திருந்த நேரம். கல்லூரி பிறகு மிசிசிப்பி ஆற்றுக்கு அக்கரையில், இல்லினாய் மாநிலத்துக் கஹோக்கியாவுக்குப் போனது. 1929-ல் அமெரிக்க அரசு விமானப் பள்ளிகளுக்குச் சான்று தரத் தொடங்கியபோது எண் 1 இவர்களுக்குத்தான் கிடைத்தது. 1946-ல் ஆலிவர் பார்க்ஸ் தன் கல்லூரியையே செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டார். அது சேசு சபைப் பல்கலைக்கழகம். நம்மூர் லயோலா கல்லூரியை நடத்துகிறார்களே, அதே சபைதான். நிலவுக்குப் போகும் வழியில் பழுதான அப்போலோ 13 விண்கலத்தைத் தரையிலிருந்து வழிநடத்தி வீடு கொண்டுவந்து சேர்த்த நாசாவின் ஜீன் கிரான்ஸ் 1954-ல் இங்கே படித்து வெளியே வந்தவர். 1997-ல் கல்லூரி ஆற்றைத் தாண்டி நகரத்து வளாகத்துக்கே திரும்பியது. எங்கள் வகுப்புகள் நடந்த கட்டடத்துக்கு மெக்டானல் டக்ளஸ் ஹால் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், அந்த மெக்டானல் டக்ளஸ் விமானக் கம்பெனியும் அதே 1997-ல், அதுவும் ஆகஸ்ட் 1 அன்றுதான், போயிங்கோடு இணைந்து காணாமல் போனது. இடையில் கல்லூரியின் முழுப்பெயர் எத்தனை முறை மாறியது என்று எழுதும்போது எனக்கே தலை சுற்றியது.

இதில் 1946, 1997, 2022 ஆகிய மூன்று வருடங்களைத் தடித்த எழுத்தில் போட்டு, பதிவாளரின் கடிதத்தையும் இணைத்து அனுப்பினேன். ஒன்பதாவது நாள் 'சரிபார்க்கப்பட்டது' என்று ஒற்றை வரி வந்தது. அன்றைக்கே ரெஸ்யூமேயில் பல்கலைக்கழகத்தின் பெயரை முதலில் போட்டு, பார்க்ஸை அடைப்புக்குறிக்குள் தள்ளினேன். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

போன மாதம் என் ஜூனியர் ஒருவனுக்கு இதே மாதிரி மெயில் வந்திருக்கிறது. அந்த ஒரு பக்கத்தை அப்படியே அனுப்பிவைத்தேன். "ஜீன் கிரான்ஸ் வரியை மட்டும் எடுத்துடறேன் அண்ணா, என்னையும் அப்படி நெனச்சிடப் போறாங்க" என்றான்.