தாடை ஓரம்: என் ரேடியோ அலை சிகிச்சை நாட்குறிப்பு

ஜனவரி 6

வயது 54. மாதவிடாய் நின்ற பிறகு நாலே வருஷத்தில் கன்னம் இறங்கி, தாடை ஓரத்தில் சின்னப் பை மாதிரி தொங்குகிறது. இன்று தோல் டாக்டரைப் பார்த்தேன். ரேடியோ அலை தோலுக்குள் போகும்போது சதையின் மின்தடையால் அங்கேயே சூடு கிளம்புமாம். அந்தச் சூட்டில், தோலை இறுக்கமாகப் பிடித்து வைக்கும் கொலாஜன் என்ற புரத நார்கள் சுருங்கும், அப்புறம் அந்த இடத்தை ஆற்ற உடம்பே புதுக் கொலாஜனை உண்டாக்கும். லேசர் மாதிரி இது நிறமியைத் தேடிப் போவதில்லை, அதனால் மாநிறத் தோலில் கருமை படியும் பயம் குறைவு என்றார். பேஸ்மேக்கர் இருக்கா, உடம்பில் உலோகத் தகடு இருக்கா என்று ரெண்டு தடவை கேட்டார்.

ஜனவரி 10

தோடு, மூக்குத்தி, சங்கிலி எல்லாம் கழற்றியாச்சு. முதுகில் ஒரு பட்டை ஒட்டினார்கள், உள்ளே போகும் மின்சாரம் திரும்ப வழி அதுதான். முகம் முழுக்க வழவழவென்று ஜெல். கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம் போல இதமாக இருந்தது, தாடை எலும்பு மேல் வந்ததும் சுரீர் என்றது. சிகிச்சை செய்த பெண் நடுநடுவே தோலின் சூட்டை அளந்து "41 டிகிரி அக்கா, தாங்கலைன்னா சொல்லிடுங்க" என்றாள். நான் சொல்லவில்லை.

ஜனவரி 11

இடது தாடையில் துவரம்பருப்பு அளவுக்குக் கொப்புளம். கிள்ளாதீங்க, களிம்பு போடுங்க, வெயிலில் போகாதீங்க என்றார் டாக்டர். அளக்கும் கருவி மேல்தோலின் சூட்டைத்தான் காட்டும், உள்ளே எவ்வளவு ஏறுது என்று என் வாய்தான் சொல்லணும். இதை யாராவது முதல் நாளே இப்படி விளக்கியிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்க மாட்டேன்.

பிப்ரவரி 21

கொப்புளம் ஆறி, லேசான பழுப்புத் தழும்புதான் மிச்சம். அதன் பிறகே ரெண்டாவது முறைக்குப் போனேன். மூன்று தடவை "சூடு" என்றேன், மூன்று தடவையும் சட்டென்று கையை எடுத்தாள்.

மே 23

அதே ஜன்னல், அதே காலை வெளிச்சம், ஜனவரிப் படத்தோடு வைத்துப் பார்த்தேன். தாடைக் கோடு தெரிகிறது! கழுத்து அப்படியேதான் இருக்கிறது, அதையும் எழுதி வைக்கணும். முதல் மாதம் ஒன்றுமே தெரியவில்லை, புதுக் கொலாஜன் மெதுவாகத்தான் சேரும்.

தங்கை அடுத்த வாரம் போகிறாள். பிரசவத்திலேயே சத்தம் போடாதவள். கூடப் போய்ப் பக்கத்தில் உட்காரப் போகிறேன்.