பெடஸ்டலில் செருகுவதற்கு முன்

“எங்கள் ஏ.சி. ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, உங்களுடையது மட்டும் ஏன் நின்றுவிட்டது?” என்று பக்கத்து ட்ரெய்லர்காரர் கேட்டபோது வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி இருக்கும். டெக்சாஸ் மலைநாட்டில் ஜூலை மாத வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. இழுத்துச் சென்று தங்கும் வீடான எங்கள் 24 அடி ட்ரெய்லருக்குள் பிள்ளைகள் வியர்வையில் நனைந்திருந்தார்கள். பெடஸ்டலில், அதாவது இத்தகைய வண்டிகள் தங்கும் கேம்ப்கிரவுண்டில் ஒவ்வொரு இடத்துக்கும் நட்டு வைத்திருக்கும் மின்பெட்டியில், தொங்கிக்கொண்டிருந்த எங்கள் பாதுகாப்புக் கருவி 103 என்ற எண்ணைக் காட்டிவிட்டு மின்சாரத்தைத் துண்டித்திருந்தது. வழக்கமாக வர வேண்டிய 120 வோல்ட்டுக்குப் பதிலாக அவருக்கும் அதே 103 வோல்ட்தான் போய்க்கொண்டிருந்தது. அதைத் தடுக்க அவரிடம் கருவி எதுவும் இல்லை என்பதுதான் வேறுபாடு. அன்று அவருக்கு நின்றபடியே சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முந்தின நாள் இரவு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மின்னழுத்தம் 119 வோல்ட் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் 117. நண்பகலுக்குப் பிறகு வார இறுதிக் கூட்டம் வரத் தொடங்கியதும் 111 ஆகி, மூன்று மணிக்கு 106 ஆகி, நான்கு மணிக்கு அறுந்தது. இதற்கு யாரும் சதி செய்ய வேண்டியதில்லை. கணக்கே அப்படித்தான் போடப்படுகிறது. அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பில் 551ஆம் பிரிவு இத்தகைய வண்டிகளுக்கும் அவை தங்கும் இடங்களுக்கும் உரியது. 36 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களுக்கு ஒரே வழியில் மின்சாரம் கொண்டுசெல்லும்போது, மொத்தச் சுமையில் 41 சதவீதத்தைக் கணக்கில் கொண்டால் போதும் என்று அது அனுமதிக்கிறது. 30 ஆம்பியர் இடம் ஒன்றின் சுமை 3,600 வாட். அதில் 41 சதவீதம் 1,476 வாட். அதாவது ஓர் இடத்துக்குச் சராசரியாக 12 ஆம்பியரை ஒட்டித்தான் வருகிறது. கூரைமேல் இருக்கும், 13,500 பி.டி.யு. குளிரூட்டும் திறன் கொண்ட ஏ.சி. ஒன்றே கடும் வெயிலில் அவ்வளவையும் இழுத்துவிடும். எல்லா வண்டிகளிலும் ஒரே நேரத்தில் ஏ.சி. ஓடி, சில வண்டிகளில் மைக்ரோவேவும் சேர்ந்துகொண்டால் கம்பிகளில் இழப்பு கூடி, வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு மின்னழுத்தம் சரியத்தானே செய்யும்? இந்த விகிதங்கள் குறைந்தபட்ச அளவுகளே என்றும், கடும் வெப்பமோ குளிரோ உள்ள பகுதிகளுக்கு இவை போதாமல் போகலாம் என்றும் அந்தத் தொகுப்பே ஒரு குறிப்பில் எச்சரிக்கிறது. புதிதாகக் கட்டுபவர்கள் எல்லோரும் அந்தக் குறிப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

மின்னழுத்தம் குறைந்தால் பொருள்கள் மெதுவாக ஓடும், அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். பழைய குண்டு பல்புக்கு அது பொருந்தும், மோட்டாருக்குப் பொருந்தாது. ஏ.சி. கம்ப்ரசர் கிளம்பும்போது அதன் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுகிறது. 120 வோல்ட்டுக்குப் பதிலாக 104 வோல்ட் வந்தால் விசை முக்கால் பங்குதான் கிடைக்கும். அந்த விசையில் சுழலத் தொடங்க முடியாமல் கம்ப்ரசர் ‘ம்ம்’ என்று உறுமிக்கொண்டே நிற்கக்கூடும். அந்த நிலையில் அது வழக்கமாக ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்து, உள்ளிருக்கும் செம்புச் சுருளைச் சூடாக்கும். ஒரு நாளில் எரிந்துபோகாமல் இருக்கலாம். ஆனால் சுருளின் மேற்பூச்சு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கருகி, இரண்டு மூன்று கோடைக்காலங்களுக்குப் பிறகு வேறொரு ஊரில் ஏ.சி. நின்றுபோகும்போது, உண்மையான காரணம் எங்கே இருந்தது என்பது உரிமையாளருக்குத் தெரியவே தெரியாது.

அதிக மின்னழுத்தத்தின் கதை வேறு. அது உடனே கொல்லும். ட்ரெய்லர் வாங்கிய முதல் ஆண்டில், வேறொரு கேம்ப்கிரவுண்டில், இரவுச் சமையலின்போது மைக்ரோவேவின் எண்கள் திடீரென்று பளிச்சிட்டு அணைந்தன. படுக்கைக்குக் கீழிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. மல்டிமீட்டரை எடுத்துச் சுவர்ச் செருகியில் வைத்துப் பார்த்தபோது 160க்கு மேல் காட்டியது. நான் வெளியே ஓடிப்போய் பிரேக்கரை இறக்குவதற்குள், 12 வோல்ட் நேர்மின்சாரம் தரும் கன்வெர்ட்டர் போய்விட்டிருந்தது. அந்த வரிசைக்கு வரும் நியூட்ரல் கம்பி எங்கோ ஓர் இணைப்பில் விட்டுப்போயிருந்தது.

பெடஸ்டல்களுக்கு வருவது 240 வோல்ட். அதன் நடுவிலிருந்து நியூட்ரலை எடுத்து, இருபுறமும் 120, 120 ஆகப் பிரிக்கிறார்கள். நியூட்ரல் தராசின் நடுமுள்ளைப் போன்றது. அது அறுந்துவிட்டால் இரண்டு பக்கச் சுமைகளும் தங்களுக்குள்ளேயே 240ஐப் பங்கிட்டுக்கொள்ளும். ஒரு பக்கத்தில் 10 ஓம், மறுபக்கத்தில் 20 ஓம் என்று வைத்துக்கொண்டால், முதலாவதற்கு 80 வோல்ட்டும் இரண்டாவதற்கு 160 வோல்ட்டும் போகும். குறைவாகச் செலவழிக்கும் பக்கத்துக்குத்தான் அதிக அடி விழுகிறது. இந்த ஆபத்து, இரு பக்கங்களையும் பயன்படுத்தும் 50 ஆம்பியர் வண்டிகளுக்கு மட்டுமே உண்டு என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. பெடஸ்டலுக்கு முன்னாலேயே நியூட்ரல் அறுந்தால், அதன் ஒரு பக்கத்தில் தொங்கும் 30 ஆம்பியர் வண்டியும் தப்பாது. என்னுடையது 30 ஆம்பியர் வண்டிதான்.

அந்த இரவில் என்னிடம் பாதுகாப்பே இல்லாமல் இல்லை. மலிவான சர்ஜ் புரொடெக்டர் ஒன்றை மாட்டித்தான் வைத்திருந்தேன். இடி மின்னலால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வந்துபோகும் பெரும் துள்ளலை உள்வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. நீடித்து நிற்கும் 160 வோல்ட்டையோ, மணிக்கணக்கில் நீளும் 103 வோல்ட்டையோ அதனால் துண்டிக்க முடியாது. அதற்குக் கருவிக்குள் ரிலே, அதாவது மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்ச், இருக்க வேண்டும். அளந்து பார்த்து, எல்லை மீறினால் அறுக்க வேண்டும். அப்படிச் செய்யும் கருவியை அமெரிக்காவில் இ.எம்.எஸ். என்று அழைக்கிறார்கள். நான் இப்போது வைத்திருக்கும் புரோகிரெசிவ் இண்டஸ்ட்ரீஸ் கருவி 104க்குக் கீழேயும் 132க்கு மேலேயும் போனால் அறுத்துவிடும். எர்த் இல்லாத செருகியையும், ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிய செருகியையும் அது ஏற்காது. மின்னழுத்தம் சரியான பிறகும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பொறுத்தே மீண்டும் இணைக்கும். கம்ப்ரசருக்குள் அழுத்தம் தணிய அந்த இடைவெளி தேவை. கடையில் இரண்டு பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பார்ப்பதற்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். விலை மட்டும் மூன்று நான்கு மடங்கு வேறுபடலாம். அந்த வித்தியாசத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது எந்த இடத்துக்குப் போனாலும், வண்டியைச் சமன் செய்வதற்கும் முன்பே, நான் பெடஸ்டலின் மூடியைத் தூக்கிப் பார்க்கிறேன். 30 ஆம்பியர் செருகியில் இரண்டு சாய்ந்த துளைகளும் ஒரு வட்டத் துளையும் இருக்கும். அந்தச் சாய்ந்த துளைகளின் ஓரம் பழுப்பேறியிருந்தாலோ, பிளாஸ்டிக் குமிழியிட்டிருந்தாலோ, உள்ளிருக்கும் பித்தளைப் பிடி தளர்ந்திருக்கிறது என்று பொருள். தளர்ந்த பிடி சூடாகும், சூடானது மேலும் தளரும். ஒருமுறை அப்படிப்பட்ட செருகியிலிருந்து பிடுங்கியபோது எங்கள் பிளக்கின் ஒரு நாக்கு நீலம் பாய்ந்து கறுத்திருந்தது. அத்தகைய இடத்தில் செருகுவதில்லை. அலுவலகத்துக்குப் போய் வேறு இடம் கேட்டுவிடுவேன். பார்வைக்குச் சரியாக இருந்தால், பிரேக்கரை இறக்கிவிட்டுக் கருவியை மட்டும் செருகி, பிரேக்கரை ஏற்றி, எண்களைப் படிக்கிறேன். எல்லாம் சரியென்று தெரிந்த பிறகு மறுபடி இறக்கி, வண்டியின் கேபிளை இணைத்து, கடைசியாக ஏற்றுகிறேன். கிளம்பும் நாளில் இதே வரிசை தலைகீழாக: முதலில் உள்ளே ஏ.சி.யை நிறுத்திவிட்டுத்தான் பிரேக்கரில் கை வைக்க வேண்டும். சுமையோடு பிடுங்கினால் பொறி பறக்கும். செருகிகள் கருகுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிள்ளைகள் உள்ளவர்களுக்காக ஒன்று. எர்த் அறுந்த இடத்தில் வண்டிக்குள் சிறு கசிவு இருந்தாலும் உலோக உடல் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். உள்ளே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஈரப்புல்லில் வெறுங்காலோடு நின்று கதவுப்பிடியைத் தொடும் பிள்ளைக்குத்தான் ஷாக் அடிக்கும். தொடாமலே மின்சாரத்தைக் காட்டும் பேனா போன்ற சோதனைக் கருவியை, இணைத்தவுடன் கதவின் அருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். மண்ணில் இரும்புக் கம்பி அடித்து வண்டியோடு இணைத்தால் போதும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். மண்ணின் மின்தடை 25 ஓம் என்று வைத்தால்கூட அந்த வழியே போவது 5 ஆம்பியருக்கும் குறைவு. 30 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு அசையாது, வண்டியின் உலோக உடலில் ஏறிய மின்சாரமும் இறங்காது.

ஊரில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசரோடு வளர்ந்தவர்களுக்கு, குறைந்த மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் கருவி இங்கே இல்லையா என்று தோன்றும். இருக்கிறது, ஆட்டோஃபார்மர் என்பார்கள், சுமார் பத்து சதவீதம் உயர்த்தித் தரும். ஆனால் அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. வெளியே ஏற்றித் தரும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் பெடஸ்டலிலிருந்து அதிக ஆம்பியரை இழுக்கிறது. ஏற்கெனவே தள்ளாடும் வரிசையில் பக்கத்து வண்டிக்கு இன்னும் கொஞ்சம் குறையும். வேறு வழியிருக்கும்வரை நான் அதை வாங்கப் போவதில்லை. வெந்நீரையும் ஃபிரிட்ஜையும் எரிவாயுவுக்கு மாற்றினாலே நம் சுமை பாதியாகிவிடும்.

அன்றைக்கு அதைத்தான் பக்கத்து ட்ரெய்லர்காரரும் செய்தார். அவருடைய மின்சார வெந்நீர்க் கொதிகலன் ஒன்றே 12 ஆம்பியர் எடுத்துக்கொண்டிருந்தது. அதை எரிவாயுவுக்கு மாற்றிவிட்டு, ஏ.சி.யையும் நிறுத்திவிட்டு, இரு குடும்பங்களும் ஆற்றங்கரை நிழலுக்குப் போய் உட்கார்ந்தோம். இரவு ஒன்பது மணிக்குத் திரும்பி வந்து பார்த்தபோது கருவியில் 114 என்று இருந்தது. இரண்டு வண்டிகளிலும் ஒன்றன்பின் ஒன்றாக, ஐந்து நிமிட இடைவெளி விட்டு, ஏ.சி.யைப் போட்டோம்.