ஸ்ட்ரிங் போதும் என்று நினைத்தேன்

எக்ஸ்எம்எல் (டேகுகளால் குறித்த ஆவணங்கள்) டேட்டாபேஸில் தேடுவதற்கு ஒரு ஜாவா லைப்ரரி எழுதும் வேலை ஒரு காலத்தில் என் தலையில் விழுந்தது. டேட்டாபேஸ் ஏற்கெனவே இருந்தது, எக்ஸ்எம்எல்லில் தேடும் மொழியான எக்ஸ்க்வெரியை நன்றாகவே ஓட்டிக்கொண்டிருந்தது. மற்ற டீம்கள் தங்கள் புரோகிராமிலிருந்து அதைக் கூப்பிட ஒரு ஏபிஐ வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று மீட்டிங்கில் வாயை விட்டுவிட்டேன்.

எனக்குப் பழக்கமானது ஜேடிபிசி, ஜாவாவிலிருந்து எஸ்க்யூஎல் டேட்டாபேஸோடு பேசும் ஏபிஐ. கனெக்‌ஷன் திற, க்வெரி அனுப்பு, ரிசல்ட்செட்டில் ஒவ்வொரு வரிசையாக நகர்ந்து வேண்டிய நெடுவரிசையின் (column) மதிப்பை எடு. அதையே அச்சாக வைத்துக்கொண்டு எழுதினேன். எக்ஸ்க்வெரிக்கென்றே எக்ஸ்க்யூஜே என்று ஒரு ஜாவா ஏபிஐ, ஜேஎஸ்ஆர் 225 என்ற எண்ணில், 2009-இல் இறுதியாகியிருந்தது. அதைத் திறந்து பார்க்கத்தான் செய்தேன். பார்ப்பதற்கு ஜேடிபிசியின் தம்பி மாதிரி இருந்தது, ஆனால் ஒரு மதிப்பை உள்ளே அனுப்பவும் வெளியே எடுக்கவும் இத்தனை மெதட்களா என்று அலுத்துப்போய் மூடிவிட்டேன். நம்முடையது எளிமையாக இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துத் தொடர். உள்ளே போவதும் ஸ்ட்ரிங், வெளியே வருவதும் ஸ்ட்ரிங். அந்த மெதட்கள் ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று அப்புறம் ஒவ்வொன்றாக, அடி வாங்கி, தெரிந்துகொண்டேன்.

முதல் புகார் ஒரு திரையில் வந்த 1230 என்ற எண். அப்படி ஒரு அளவு எங்கேயும் கிடையாது. தேடிப் பார்த்தால், அளவு என்ற எலிமென்டுக்குள் நீளம் 12, அகலம் 30 என்று இரண்டு குழந்தைகள். ஒரு நோடின் (எலிமென்ட் போன்ற ஒரு துண்டின்) ஸ்ட்ரிங் மதிப்பு என்றால் அதற்குள் இருக்கும் எழுத்தையெல்லாம் வரிசையாக ஒட்டித் தருவது, அதுதான் விதி, என் கெட்ஸ்ட்ரிங் அதைத்தான் செய்தது. அந்தத் திரையை எழுதியவர் கேட்டது டேகுகளோடு முழு எக்ஸ்எம்எல். சரி என்று மாற்றினால் இன்னொரு டீம் “பெயரைக் கேட்டால் பெயரைச் சுற்றி டேகும் சேர்ந்து வருகிறதே” என்று வந்து நின்றது. இரண்டு பேர் கேட்டதும் நியாயம். ஒரே மெதட் இரண்டையும் செய்யும் என்று நினைத்ததுதான் தப்பு. எக்ஸ்க்யூஜேயில் இதற்கு இரண்டு தனி மெதட்கள் உண்டு, அதில் ஒன்று நோடைக் கொடுத்தால் எக்ஸப்ஷன் வீசும். நான் அலுத்துக்கொண்ட பட்டியலில் அதுவும் இருந்தது.

அடுத்தது, பதில் டேபிள் மாதிரி வரிசை (row) வரிசையாக வரும் என்ற எண்ணம். எக்ஸ்க்வெரியில் பதில் ஒரு சீக்வென்ஸ், ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய மதிப்புகள், அதற்குள் இன்னொரு சீக்வென்ஸ் இருக்கவே முடியாது, எல்லாம் தட்டையாகிவிடும். ஒருவர் மூன்று வாடிக்கையாளர்களுக்கும் ஃபோன் எண் கேட்டு ஒரு லூப் எழுதியிருந்தார். நடுவில் இருப்பவருக்கு ஃபோனே இல்லை. எஸ்க்யூஎல்லாக இருந்தால் அந்த இடத்தில் நல் (null, மதிப்பு இல்லை என்ற குறி) இருக்கும். இங்கே அந்த இடமே காணாமல் போய், மூன்றாமவரின் எண் இரண்டாமவரின் பெயருக்கு நேராக வந்து உட்கார்ந்துகொண்டது. என் கிளாசுக்கு நானே ரிசல்ட்ரோ என்று பெயர் வைத்திருந்தேன், அவரைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பெயரை ஐட்டம் என்று மாற்றிய பிறகு இந்த மாதிரிக் கேள்விகள் குறைந்தன. (ஒரே பெயர் மோதாமல் இருக்க எலிமென்ட் பெயர்களோடு சேர்க்கும் அடையாளமான நேம்ஸ்பேஸ் பக்கம் நான் போகப்போவதில்லை. டீஃபால்ட் நேம்ஸ்பேஸ் உள்ள ஆவணத்தில் வெறும் பெயரைப் போட்டுத் தேடிவிட்டு “ஒன்றுமே வரவில்லை” என்று வந்தவர்களுக்குக் கணக்கு கிடையாது.)

ஆனால் இதெல்லாம் கண்ணில் படுகிற தவறுகள். பைண்ட், அதாவது க்வெரிக்கு வெளியிலிருந்து மதிப்பை அனுப்பும் விஷயம், அப்படியில்லை.

க்வெரிக்குள் மதிப்பை ஒட்டவைக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் ஆரம்பத்திலிருந்தே கண்டிப்பு. பெயரில் ஒரு மேற்கோள் குறி வந்தாலே க்வெரி உடையும், வேண்டுமென்றே எழுதி அனுப்புகிறவர் வேறு எதையும் ஓட வைக்கலாம். அதனால் க்வெரியில் மதிப்புக்கு ஓர் இடம் விட்டுவைக்கும் எக்ஸ்டெர்னல் வேரியபிள், அதை நிரப்ப ஒரு பைண்ட் மெதட்: பெயர், மதிப்பு, இரண்டுமே ஸ்ட்ரிங். பாதுகாப்பானது, அழகானது என்று எனக்கே பெருமை. பல மாதம் கழித்து ஒருவர் வந்து, 500-க்கு மேல் இருக்கும் தொகைகளைக் கேட்டால் 95 வருகிறது, 1200 வரவில்லை என்றார்.

எங்கள் ஆவணங்களுக்கு ஸ்கீமா (எது எண், எது தேதி என்று சொல்லும் வரையறை) கிடையாது, ஆகவே அதில் உள்ள தொகைக்கு வகை இல்லை. அதை எண்ணோடு ஒப்பிட்டால் எக்ஸ்க்வெரி அதை எண்ணாக மாற்றிக்கொள்ளும், ஸ்ட்ரிங்கோடு ஒப்பிட்டால் ஸ்ட்ரிங்காக எடுத்துக்கொள்ளும். க்வெரியிலேயே 500 என்று எழுதியவர்களுக்குச் சரியான பதில், அதே 500-ஐ என் பைண்ட் வழியாக அனுப்பியவர்களுக்கு அகராதி வரிசையில் பதில்: 9-இல் தொடங்கும் 95 பெரியது, 1-இல் தொடங்கும் 1200 சிறியது. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. என் டெஸ்டுகள் எல்லாம் பச்சையாகவே இருந்தன, ஏனென்றால் டெஸ்ட் டேட்டாவில் இருந்த தொகைகள் அத்தனையும் மூன்று இலக்கம். எல்லாமே சரியாக மூன்று இலக்கம் என்றால் இரண்டு ஒப்பீடும் ஒரே விடையைத்தான் தரும். பக்கத்து சீட்டில் இருந்தவர் “பெரியதா சிறியதா என்று கேட்டால் எக்ஸ்பாத் எப்போதும் எண்ணாகத்தானே மாற்றும்” என்று அடித்துப் பேசினார். எக்ஸ்பாத் என்பது ஆவணத்துக்குள் இடத்தைச் சுட்டும் மொழி, எக்ஸ்க்வெரிக்குள்ளும் அது இருக்கிறது; அவர் படித்தது 1999-இல் வந்த எக்ஸ்பாத் 1.0, அதில் அப்படித்தான். 2007-இல் எக்ஸ்க்வெரி 1.0-உம் எக்ஸ்பாத் 2.0-உம் வந்தபோது விதி மாறிவிட்டது.

அன்றே ஸ்ட்ரிங் பைண்டை எடுத்துவிட முடியவில்லை, அதை நம்பி நிறைய கோட் ஓடிக்கொண்டிருந்தது. எண்ணுக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று, ஸ்ட்ரிங்குக்கு ஒன்று என்று தனித்தனி பைண்ட் சேர்த்தேன், பழையதை டெப்ரிகேட்டட் (இனி பயன்படுத்த வேண்டாம்) என்று குறித்து ஒவ்வொரு அழைப்பையும் லாகில் எழுத வைத்தேன். உடனே “எதற்கு இத்தனை மெதட்கள்” என்று ஒரு புதுப் பையன் கேட்டான். நானும் அதைத்தானே கேட்டேன்! விளக்கம் சொல்லாமல், 95-உம் 1200-உம் இருக்கும் ஒரு சின்ன ஆவணத்தைக் கொடுத்து, 500-ஐ இரண்டு விதமாகவும் பைண்ட் செய்து பார்க்கச் சொன்னேன். திரையைப் பார்த்துவிட்டு, நான் எதிர்பார்த்தபடி எங்கள் லைப்ரரியில் தேடாமல், டேட்டாபேஸில் பக் இருக்கிறது என்று டிக்கெட் போட்டுவிட்டான்.