பார்லித் தண்ணி ஆகாதவர்கள்

"ஒன்னுக்குப் போனா எரியுதுங்க, சூடு புடிச்சிருச்சாட்ட இருக்குதுங்க." திருப்பூர்ப் பக்கம் சிறுநீரகப் பிரிவில் இந்தப் பேச்சைக் கேட்காத நாள் கிடையாது. காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: போர்த் தண்ணி உப்பு, வெயில், மிஷினை விட்டு எழ முடியாத பீஸ் ரேட் வேலை. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கழிவறைக்குப் போக வேண்டி வருமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பனியன் கம்பெனிப் பெண்களுக்குக் கிருமித் தொற்றோ கல்லோ வந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தேட வேண்டியது, எடுத்த பிறகும் திரும்பத் திரும்பக் கல் வருகிறவர்களிடம். "வெளிக்கு எப்படிப் போகுதுங்க?" என்று கேட்டால், "அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்பார்கள். மலம் வெளுத்து, எண்ணெய் மினுக்கோடு, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பேசினில் ஒட்டி நின்றால், சாப்பிட்ட கொழுப்பு உடம்பில் சேரவில்லை. கூடவே மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் தேறாத ரத்தசோகை இருந்தால், சீலியாக் நோயை நினைத்தே ஆக வேண்டும்.

கோதுமை, பார்லி, ரை தானியங்களிலுள்ள குளூட்டனுக்கு எதிராகக் கிளம்பும் எதிர்ப்பு சக்தி, தன் சிறுகுடலையே தாக்குவது இந்த நோய். புது டர்க்கி டவலின் நூல் வளையம்போல நிற்கும் குடலுறிஞ்சிகள், பழந்துண்டு மாதிரி மழுங்கிவிடும். உணவிலுள்ள கால்சியம் வழக்கமாக, சில கீரைகளில் நிறைய இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறும். இங்கே உறிஞ்சப்படாமல் தங்கிய கொழுப்பு அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. துணையில்லாத ஆக்சலேட் ரத்தத்தில் ஏறி, சிறுநீரில் இறங்கிக் கல்லாகிறது. வயிற்றுப்போக்கில் சிறுநீர் சுண்டி, கல்லைத் தடுக்கும் சிட்ரேட்டும் குறைந்தால் கேட்கவே வேண்டாம்.

சிறுநீர்ப்பைக்கு வரும் தொல்லை சுற்றுவழியில் வருவது. சீலியாக் உள்ள சிலருக்கு வயிற்றுப்போக்குக்குப் பதிலாக மலச்சிக்கல். இறுகிய மலம் முன்னாலிருக்கும் பையை அழுத்தும்; அடிக்கடி முட்டும், போனாலும் முழுசாக வடியாது, தங்கிய நீரில் கிருமி வளரும். பி12 குறைந்து நரம்பு கெட்டால், பை நிறைந்ததே தெரியாது. போய்விட்டு வந்தபின் ஸ்கேனில் 50 மில்லிக்குள் நின்றால் கவலையில்லை. 200ஐத் தாண்டினால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடக்கூடாது.

ஆக்சலேட்டை அளக்க எடுக்கும் 24 மணி நேரச் சிறுநீர்ச் சேகரிப்பில்தான் அதிகம் கோட்டைவிடுகிறோம். காலை 6 மணிக்குப் போகும் முதல் நீரைக் கழிவறையிலேயே விட வேண்டும். அதற்குப் பிறகு போவதெல்லாம் சொட்டு விடாமல் கேனுக்குள். மறுநாள் 6 மணி நீரும் கேனுக்குள். முதல் நீரையும் ஊற்றிவிடுகிறார்கள், அல்லது ஷிப்டில் போனதை விட்டுவிடுகிறார்கள். கணக்கு இரண்டிலும் தப்பு. ஞாயிறு காலை ஆரம்பித்துத் திங்கள் காலை முடித்தால் கேனோடு கம்பெனிக்குப் போகும் சங்கடம் இல்லை. ஆக்சலேட் 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் குடல் பக்கம் திரும்ப வேண்டும்.

அப்போது ரத்தத்தில் பார்ப்பது டிடிஜி ஐஜிஏ என்ற சீலியாக் எதிர்ப்பொருள், கூடவே ஐஜிஏ வகை எதிர்ப்பொருளின் மொத்த அளவு. பின்னது இல்லாமல் முன்னதை நம்பக் கூடாது. பிறவியிலேயே ஐஜிஏ குறைந்தவருக்கு நோய் இருந்தும் இல்லை என்று வரும். யாரோ சொன்னார்கள் என்று கோதுமையை நிறுத்திவிட்டு வந்தாலும் அதே கதை. நிறுத்தியிருந்தால், தினமும் கோதுமை சாப்பிட்டு 6 வாரமாவது கழித்துத்தான் பரிசோதனை.

2016இல் வெளியான ஆய்வில், இந்த எதிர்ப்பொருள் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேரிடமும் தென்னிந்தியாவில் 0.10 சதவீதம் பேரிடமும் இருந்தது. இங்கே அரிதுதான், அதனாலேயே நினைவுக்கு வராது. ஆனால் இன்றைய திருப்பூரில் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து உழைக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வலி மாத்திரையோடு அனுப்புவது நியாயமில்லை.

நோய் உறுதியானால் கொங்குச் சமையல் பெரிய துணை. அரிசிம்பருப்பு, சந்தகை, கம்மஞ்சோறு, ராகிக் களி எதிலும் குளூட்டன் இல்லை. ஆனால் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா இருக்கும். டப்பாவின் பின்பக்கம் பார்க்க வேண்டும். மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு நம் ராகியைப் போட்டால் முதலில் விழுவது கோதுமை கலந்த மாவு. கம்பும் ராகியும் வீட்டு மிக்ஸியிலேயே அரைபடட்டும்.

எல்லாவற்றையும்விட வருத்தம், நீர்க்கடுப்பு என்றதும் அம்மாவோ அத்தையோ அக்கறையோடு வைத்துத் தரும் பார்லித் தண்ணி. மற்றவருக்குத் தீங்கில்லை, இவர்களுக்கு அதுவும் குளூட்டன். அதற்குப் பதில் பச்சைத் தண்ணீரோடு எலுமிச்சைச் சாறு, நாளுக்கு 2 லிட்டருக்கு மேல் சிறுநீர் இறங்கும் அளவுக்கு. முளைக்கீரை, தண்டுக்கீரையைக் குறைத்து, சாப்பாட்டோடு சேர்த்தே மோர். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும்.